இடம் போதவில்லை

பதினைந்து ஜிபி இலவசம்.
முதலில் கேட்டபோது
ஒரு தோட்டத்தையே எழுதிக் கொடுத்ததுபோல் இருந்தது.
நான்காம் ஆண்டு, ஊத்தான் மெலிந்தாங்கில்,
செம்பனை ஆலையின் எடைமேடைச் சாவடியில்
இரண்டு லாரிகளுக்கு நடுவே
கைப்பேசி அதிர்ந்தது:
உங்களுக்கு இடம் போதவில்லை.

அப்படி என்னத்தைச் சேர்த்துவிட்டேன் என்று
உள்ளே போனால்
நான் எடுக்காத படங்கள்.

ஓட்டு வீடு, வாசலில் காயும் புகையிலை.
மஞ்சள் துண்டில் சுற்றிய குழந்தை.
அதே குழந்தை, இரண்டு பல்லோடு.
அதே குழந்தை, நடக்க முயன்று விழுந்து
படம் எடுப்பவளைப் பார்த்துச் சிரிக்கிறது.
இவையெல்லாம் யாரோ அனுப்பி யாரோ சேமித்தவை.
அவனே எடுத்தவை வேறு மாதிரி:
நீளக் கழியில் கட்டிய அரிவாள்,
லயத்துக் குழாயடியில் செத்த பாம்பு,
முள் ஏறிய உள்ளங்கை.
பிறகு சீட்டுகள்.
சீட்டு, சீட்டு, சீட்டு.

புரிய இன்னும் இரண்டு லாரி நேரம் ஆனது.
தீபாவளிக்கு முன் ஆ லியோங் கடையில்
நூற்றிருபது வெள்ளிக்குத் தள்ளிவிட்ட
என் பழைய கைப்பேசி.
எல்லாம் துடைத்துவிடுகிறேன் என்றான் ஆ லியோங்.
கண்ணாடியைத்தான் துடைத்திருக்கிறான்.

சீட்டுகளைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.
காய்க்குலை பதினொன்று, கழிவு.
மண், கழிவு.
ஈரம், கழிவு.
மேலாளர் சொன்ன விழுக்காடு, நான் எழுதிய எண்,
ஒவ்வொன்றின் கீழும் என் சுருக்கொப்பம்.
ஒரு படத்தில் சாவடியின் சன்னலே இருந்தது:
கம்பிக்குப் பின்னால் தே ஓ குவளை,
பக்கத்தில் ஒரு முழங்கை.
அந்தத் தழும்பை எனக்குத் தெரியும்.

எனக்கு எதிரான சாட்சியம்
என் பெயரில், என் கணக்கில்,
எனக்குக் கிடைத்த இலவசத்தில்.

அழித்தால் எல்லாச் சாதனங்களிலும் அழியுமாம்.
குப்பைத்தொட்டிப் படத்தின் மேல்
விரல் கொஞ்சநேரம் நின்றது.
கடைசிச் சம்பளச் சீட்டில் பெயர் இருந்தது:
சப்பாருடின்.
ஒப்பந்த டிராக்டரோடு வருகிறவன்,
லோம்போக்காரன்,
தினமும் எனக்கு சலாம் வைப்பவன்.

அன்றிரவு என்னுடையதை அழித்தேன்.
காலை வணக்க ரோஜாக்கள், எண்ணூற்று நாற்பது.
முறிந்துபோன நிச்சயதார்த்தத்தின் காணொளி, இரண்டு ஜிபி,
டிரோன் எல்லாம் பறக்கவிட்டு எடுத்தது.
மேலிருந்து பார்த்தால்
நான் மகிழ்ச்சியாகத்தான் தெரிகிறேன்.
முப்பது நாள் குப்பையில் கிடக்குமாம்.
கிடக்கட்டும்.

நல்லவள் என்று நினைத்துவிடாதீர்கள்.
அடுத்தவன் பிள்ளைக்கு மூன்றாம் பல் வந்ததை
மூன்று வாரம் ஒளிந்து பார்த்தவள்.
சொல்லியிருக்க வேண்டும்.
சொல்லத்தான் மலாயில் வாக்கியம் கட்டிப் பார்த்தேன்:
'அண்ணே, உங்கள் வீடு என் கையில் இருக்கிறது.'
'உங்கள் மகளை எனக்குத் தெரியும்.'
எப்படித் திருப்பிப் போட்டாலும்
மிரட்டல் மாதிரியே வந்தது.

புதன்கிழமை.
ஆலைப் புகையும் மேகமும் ஒன்றாகி
மழைக்கு இருட்டிக்கொண்டு வந்தது.
டிராக்டர் மேடை ஏறி நின்றது.
மேலாளர் உள்ளே மீ கோரேங் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.
ஈரம் என்ற கட்டத்தில்
எண் எழுதாமல் ஒரு கோடு இழுத்தேன்.
அவன் சீட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
கைப்பேசியை உயர்த்தினான்.
மூலையில் நான் போட்ட விரிசல்.
காற்று சீட்டைத் தூக்கியது.
கம்பி வழியே கைநீட்டி
அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

இரவு பத்தரைக்கு வந்து சேர்ந்தது.
எண்கள் தெளிவு.
ஓரத்தில் என் கட்டைவிரல்,
நகக்கண்ணில் மை.

நாளைக்குச் சொல்லிவிட வேண்டும்.
முதலில் அவனுக்கென்று ஒரு கணக்கு,
பிறகு வீடு, புகையிலை, பல், பாம்பு,
என் கையெழுத்து உட்பட எல்லாமே அதற்கு.
அதன் பிறகுதான் நான் வெளியேறுவது.
அவனுக்கும் உண்டு
பதினைந்து ஜிபி.